வீட்டுக் கொல்லையில் ஒட்டு வெண்ணெய்ப்பழ மரம்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதுவது)

புதிய பயிர் ஒன்று ஊருக்குள் நுழையும்போது அதனோடு இரண்டு விதமான பேச்சும் சேர்ந்து நுழைவது வழக்கம். "இதை நட்டால் பணம் கொட்டும்" என்பது ஒன்று. "இதெல்லாம் நம் மண்ணில் வராது" என்பது மற்றொன்று. இரண்டுமே பெரும்பாலும் விசாரித்துப் பாராமல் சொல்லப்படுபவை. முதற்பேச்சை நம்பியவர் கைப்பொருளை இழக்கிறார். இரண்டாம் பேச்சை நம்பியவர் கிடைத்திருக்கக் கூடிய நன்மையை இழக்கிறார். வெண்ணெய்ப்பழம் என்னும் அவகாடோ இப்பொழுது இவ்விரு பேச்சுகளுக்கும் நடுவில் அகப்பட்டுக் கொண்டிருக்கிறது.

சுரக்குடி முதலிய காரைக்கால் வட்டார ஊர்களில் அங்கத்தினர் பலர், "வீட்டுக் கொல்லையில் இந்த ஒட்டுக்கன்று ஒன்றை வைக்கலாமா?" என்று நம்மிடம் கேட்டு வருகின்றனர். ஓர் ஒட்டு மாங்கன்றின் விலையைப் போலச் சில மடங்கு விலை இதற்குக் கேட்கப்படுகிறது. தறியில் உட்கார்ந்து நெய்து சேர்த்த பணத்திலும், நெல் விற்று மிஞ்சிய பணத்திலும் வாங்கப்படும் கன்று ஐப்பசி மழையில் வாடி மடியுமானால் அந்த நஷ்டம் சிறிதன்று. ஆகையால் இம்மரத்தின் இயல்பு யாது, நம் மண்ணின் இயல்பு யாது, இரண்டும் எந்த அளவில் இசையும் என்பதை ஒழுங்காக ஆராய்ந்து சொல்வது நம் கடமை எனக் கருதுகிறோம்.

பெயரும் பிறப்பும்

இம்மரத்தின் தாயகம் மெக்சிகோவும் அதனை அடுத்த நடு அமெரிக்க நாடுகளும் ஆகும். அங்கு வாழ்ந்த நவாட்டில் மொழியினர் இதனை 'அவாக்கட்டில்' என்று அழைத்தனர். அச்சொல்லே ஸ்பானியர் வாயிலும் ஆங்கிலேயர் வாயிலும் திரிந்து 'அவகாடோ' ஆயிற்று. பிரெஞ்சு மொழியில் இது 'அவொக்கா' எனப்படும். அம்மொழியில் வழக்கறிஞரைக் குறிக்கும் சொல்லும் அதுவே. பிரெஞ்சு ஆட்சியில் நெடுங்காலம் இருந்த காரைக்காலில், 'அவொக்கா வீடு' என்றால் வக்கீல் வீடு என்று பொருள் கொள்ளும் பெரியவர்களிடம் இப்பழத்தின் பெயரைச் சொன்னால் அவர்கள் சிரிப்பது இயற்கையே. இலங்கைத் தமிழர் இதனை ஆனைக்கொய்யா என்பர். நம் பக்கத்துக் கடைகளில் 'பட்டர் புரூட்' என்ற பெயரே வழங்குகிறது. வெண்ணெய்ப்பழம் என்பது அதன் நேரான தமிழ்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்கு வந்தது. கீழ்ப்பழனி மலையிலும் குடகிலும் காப்பித் தோட்டங்களில் நிழல் மரமாக வளர்ந்தது. திண்டுக்கல் மாவட்டம் தடியன்குடிசையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி.1 என்னும் இரகத்தை வெளியிட்டுள்ளது. குடகுப் பகுதியிலுள்ள செட்டள்ளி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அர்கா சுப்ரீம், அர்கா கூர்க் ரவி என்னும் இரகங்கள் வந்துள்ளன. இவை நல்ல இரகங்களே. ஆனால் மலைச்சரிவின் குளிர்ச்சியிலும், நீர் தங்காத மண்ணிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவை. கடல்மட்டத்தை ஒட்டிய நம் ஊரில் அதே பலனை அவற்றினிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

மூன்று குலங்கள்

வெண்ணெய்ப்பழ மரத்தில் மூன்று குலங்கள் உண்டு. மெக்சிகோக் குலம் குளிரைத் தாங்குவது. அதன் இலையைக் கசக்கினால் சோம்பின் மணம் வீசும். பழம் சிறியது, தோல் மெல்லியது, எண்ணெய்ச் சத்து மிகுதி. குவாட்டிமாலாக் குலம் நடுத்தர உயர மலைகளுக்கு உரியது. அதன் தோல் தடித்து முரடாக இருக்கும். மூன்றாவது மேற்கிந்தியக் குலம். இது வெப்பமும் ஈரமும் மிக்க கடலோரத் தாழ்நிலங்களுக்கு உரியது. பழம் பெரியது, தோல் வழுவழுப்பானது. எண்ணெய்ச் சத்து குறைவு, நீர்ப்பசை அதிகம். மற்ற இரண்டு குலங்களைக் காட்டிலும் உப்பைச் சற்றுக் கூடுதலாகத் தாங்குவதும் இதுவே.

நமக்கு வேண்டியது இம்மூன்றாம் குலம், அல்லது இதனோடு குவாட்டிமாலாக் குலம் கலந்த கலப்பினம். இதற்கு நம் வட்டாரத்து வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்ட பின்னர், புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் 1853 முதல் மார்த்தினிக் தீவுக்கும், 1854 முதல் குவாதலூப் தீவுக்கும் கப்பலேற்றப்பட்டனர். அத்தீவுகளில் கடற்காற்று வீசும் வீட்டுக் கொல்லைகளில் இம்மரம் நம்மூர் முருங்கையைப் போலச் சாதாரணமாக நிற்பது. மலை மரம் என்று நாம் எண்ணுவதில் கடலோரக் குலமும் ஒன்று உண்டு என்பதை இது காட்டும்.

ஆகவே பழக்கடையில் கருநிறத்துச் சொரசொரத்த தோலோடு விற்கப்படும் 'ஹாஸ்' இரகத்தைக் கேட்டு வாங்கி நட வேண்டாம். அது குளிர்ச்சி விரும்பும் குலங்களின் வழிவந்தது. 'பொல்லாக்' போன்ற மேற்கிந்தியக் குலத்து இரகங்கள் நம் நாட்டுக்கு முன்னரே வந்துள்ளன. விற்பவரிடம், "இது எந்தக் குலத்து இரகம்? தாய்மரம் எந்த ஊரில், எவ்வளவு உயரத்தில் நிற்கிறது?" என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதிருப்பதே நலம்.

ஒட்டு ஏன்?

விதையிலிருந்து முளைத்த வெண்ணெய்ப்பழச் செடி தாயைப் போல இருப்பதில்லை. பழத்தின் அளவு, சுவை, காய்க்கும் காலம் யாவும் மாறும். காய்ப்பதற்கு ஆறு முதல் எட்டு ஆண்டுகள், சில வேளை அதற்கு மேலும் ஆகும். அவ்வளவு காலம் நீர் ஊற்றிய பிறகு வரும் காய் எப்படி இருக்குமென்பது தெரியாது. ஒட்டுக்கன்றோ மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். அதன் காய் தாய்மரத்தின் காயேயாகும்.

நெசவாள அங்கத்தினர்களுக்கு ஒட்டு என்பதை விளக்குவது எளிது. பாவு பிணைக்கையில் பழைய பாவின் இழை முனையோடு புதிய பாவின் இழை முனையைச் சேர்க்கிறோம். சேர்க்கை சரியாக இருந்தால் தறி நில்லாமல் ஓடும். மரத்திலும் அவ்வாறே. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உயிருள்ள மெல்லிய பசும்படலம் ஒன்று உண்டு. வேர்ச்செடியின் படலமும் ஒட்டுக்குச்சியின் படலமும் ஒன்றோடொன்று பொருந்தினால் இரண்டும் கூடி ஒரே மரமாகும். கீழே மண்ணைத் தாங்கும் வேர், மேலே விரும்பிய பழம் தரும் கிளை என்னும் இரட்டை நன்மை இதனால் கிடைக்கிறது.

அமெரிக்காவில் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மியாமி நகரின் நாற்றுப்பண்ணையாளர் ஜார்ஜ் செல்லன் இம்மரத்தில் மொட்டு ஒட்டு வெற்றி பெறும் என்று செய்து காட்டினார். அதன் பின்னரே இது தோட்டப் பயிராயிற்று. கலிபோர்னியாவில் ருடால்ப் ஹாஸ் என்னும் தபால்காரர் 1920-களில் தம் நிலத்தில் விதைகளை முளைக்கவிட்டு, அவற்றின் மேல் அக்காலத்துப் பெயர்பெற்ற இரகத்தை ஒட்டுக் கட்டுவித்தார். ஒரு செடி மட்டும் ஒட்டை ஏற்காமல் அடம் பிடித்தது. வெட்டி எறியாமல் விடப்பட்ட அச்செடி தானே காய்த்தது. அக்காயின் சுவையைக் கண்டு 1935-இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலகச் சந்தையில் விற்கும் வெண்ணெய்ப்பழத்தில் பெரும்பகுதி அந்த ஒற்றை மரத்தினின்று எடுத்த ஒட்டுகளின் வழித்தோன்றலே. தாய்மரம் 2002-இல் வேரழுகல் நோயால் மடிந்தது. அதன் கிளைகளோ உலகெங்கும் வாழ்கின்றன. ஒட்டின் வலிமையையும், வேரழுகலின் கொடுமையையும் இந்த ஒரு வரலாறே போதிக்கும்.

கன்றைப் பார்த்து வாங்குதல்

வளைந்த தண்டுள்ள விதைக்கன்றை ஒட்டுக்கன்று என்று சொல்லி விற்பதும் உண்டு. ஆகையால் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

தரையிலிருந்து அரை அடி முதல் ஓர் அடிக்குள் ஒட்டின் தழும்பு தெளிவாகத் தெரிய வேண்டும். ஆப்பு வடிவிலோ சாய்வாகவோ அத்தழும்பு இருக்கும். தழும்புக்கு மேலும் கீழும் பட்டையின் நிறமும் பருமனும் சற்று வேறுபடும். கட்டிய நாடா இன்னும் இறுகியிருந்தால் தண்டு நெரிபடும். அதை நீக்கிக் கொடுக்கச் சொல்ல வேண்டும். ஒட்டுக்கு மேல் குறைந்தது இரண்டு முறை துளிர்விட்டு முற்றிய இலைகள் இருக்க வேண்டும். வேர்கள் பைக்குள் சுருண்டு கிடக்கும் பழைய கன்று வேண்டாம். பையின் மண்ணை முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வீசினால் வேர் அழுகிக் கொண்டிருக்கிறது என்பது பொருள்.

தாமே ஒட்டுக் கட்ட விரும்புவோரும் உளர். பழத்திலிருந்து எடுத்த விதையை இரண்டு மூன்று வாரத்திற்குள் நட்டுவிட வேண்டும். உலரவிட்டால் முளைக்காது. அகன்ற அடிப்பாகம் கீழேயும், கூர்முனை மேலே மண்மட்டத்திலும் இருக்குமாறு நட வேண்டும். தண்டு பென்சில் பருமன் ஆனதும், தரையிலிருந்து அரை அடிக்கு மேல் வெட்டி, நடுவில் ஓரங்குலம் பிளந்து, நல்ல தாய்மரத்தின் நுனிமொட்டு பருத்த மூன்று, நான்கு அங்குலக் குச்சியை ஆப்புப் போலச் சீவிச் செருக வேண்டும். ஒரு பக்கத்துப் பட்டையேனும் சரியாகப் பொருந்த வேண்டியது அவசியம். பாலிதீன் நாடாவால் இறுகக் கட்டி, மெல்லிய பாலிதீன் உறை கவிழ்த்து நிழலில் வைத்தால் மூன்று, நான்கு வாரத்தில் துளிர் தெரியும்.

நம் மண்ணும் அதன் மருந்தும்

இப்பொழுது முக்கியமான விஷயத்திற்கு வருகிறோம். அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு முதலிய காவிரிக் கிளைகள் கொண்டுவந்து படிய வைத்த களிமண் நம் நிலம். நெல்லுக்கு அது பொன். வெண்ணெய்ப்பழ மரத்திற்கோ அது எமன். இம்மரத்தின் உணவு வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவுபவை. வேர்மயிர்கள் மிகக் குறைவு. இரண்டு மூன்று நாள் நீர் தேங்கினாலே அவ்வேர்கள் மூச்சுத் திணறும். பைட்டாப்தோரா என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர் அச்சமயம் பார்த்து வேரைத் தின்னத் தொடங்கும். இலைகள் சிறுத்து, வெளிறி, கிளை நுனிகள் காய்ந்து வரும். மண்ணில் ஈரம் இருக்கையிலேயே மரம் வாடுவதைக் கண்டு, மேலும் நீர் ஊற்றுவோர் பலர். அது நோயாளியை மேலும் நீரில் அமிழ்த்துவதாகும்.

முதலில் ஒரு பரீட்சை செய்து பாருங்கள். நட விரும்பும் இடத்தில் ஒன்றரை அடி ஆழத்தில் குழி தோண்டி, மாலையில் நீர் நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் நீர் நின்றால் அங்குத் தரைமட்டத்தில் இம்மரத்தை நடவே கூடாது. நம் ஊர்களில் பெரும்பாலான கொல்லைகளின் நிலை இதுவே.

அதற்காக ஆழமான குழி வெட்டி, நல்ல மண் நிரப்பி நடலாம் என்று சிலர் எண்ணுவர். அது தவறு. களிமண்ணில் வெட்டிய குழி ஓர் அண்டாவைப் போன்றது. சுற்றிலும் உள்ள நீர் அதில் வந்து தங்கும். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறானது. குழி வெட்டாமல் மேடு கட்டுங்கள். இரண்டரை முதல் மூன்றடி உயரமும், அடியில் எட்டடி அகலமும் உள்ள மேடு வேண்டும். செம்மண், மணல், நன்கு மக்கிய தொழுவுரம் மூன்றும் கலந்து கட்டி, ஒரு மாதம் அடங்கவிட்டு, மறுபடி மேலே மண் சேர்த்து உயர்த்த வேண்டும். டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சையைத் தொழுவுரத்தில் கலந்து இடுவது வேரழுகலைத் தடுக்க உதவும். மேட்டைச் சுற்றிச் சிறு வாய்க்கால் இட்டு, மழைநீர் தெருப்பக்கமோ வயற்பக்கமோ வடியுமாறு செய்ய வேண்டும்.

மேடு கட்ட இடமோ ஆளோ இல்லாதவர்களும், ஐப்பசி கார்த்திகையில் கொல்லை முழுதும் முழங்கால் நீர் நிற்கும் வீட்டினரும் இம்மரத்தை விட்டுவிட்டுக் கொய்யாவோ தென்னையோ வைப்பது நலம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மண்ணறிந்து பயிரிடுவதே விவசாயியின் அறிவு.

உப்பு

கடல் நமக்கு அருகில் இருக்கிறது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலை காரைக்கால் கரையோர நிலங்களில் உப்பை ஏற்றிச் சென்றதை நாம் மறக்கவில்லை. பழமரங்களில் வெண்ணெய்ப்பழ மரம் உப்புக்கு மிகவும் அஞ்சுவது. இலையின் நுனியும் ஓரமும் தீய்ந்தாற்போல் பழுப்பேறினால் அது உப்பின் அறிகுறி. கன்று வாங்குவதற்கு முன்பே கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதிப்பது அவசியம். காரைக்காலில் வேளாண் அறிவியல் நிலையமும், பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. இவற்றை அணுகி யோசனை கேட்பது அங்கத்தினர்களுக்குச் சிரமமான காரியமன்று.

நீர் உவர்ப்பாக இருக்குமானால் மழைநீரைத் தொட்டியில் சேர்த்து வைத்து ஊற்றுவது உண்டு. மேற்கிந்தியக் குலத்து விதையில் முளைத்த வேர்ச்செடியில் ஒட்டிய கன்றே உவர்நிலத்திற்குச் சற்றுத் தாங்கும். உரத்திலும் ஜாக்கிரதை வேண்டும். மியூரியேட் ஆப் பொட்டாஷ் என்னும் உரத்தில் குளோரைடு இருப்பதால் அதை விலக்கி, பொட்டாசியம் சல்பேட்டை இடுவது நலம்.

நடவும் பராமரிப்பும்

நடவுக்கு ஏற்ற மாதம் தை. அப்பொழுது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மேட்டில் மிதமான ஈரம் இருக்கும். அடுத்த ஐப்பசி வருவதற்குள் கன்று எட்டு ஒன்பது மாதம் வேர்விட்டு நிலைத்துவிடும். மழைக்கு முன் ஆடி ஆவணியில் நட்டால் வேர் பிடிப்பதற்குள் பெருமழை வந்துவிடும்.

வேர்ப்பந்து உடையாமல் பையைக் கிழித்து, ஒட்டின் தழும்பு மண்ணுக்கு மேலே நன்றாகத் தெரியும்படி நட வேண்டும். தழும்பு மண்ணில் புதைந்தால் அழுகும். ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து கிளைக்கும் துளிர்களை உடனுக்குடன் கிள்ளிவிட வேண்டும். விட்டுவிட்டால் அவை உணவை எல்லாம் உறிஞ்சி, மேலுள்ள ஒட்டை மெலிவித்துவிடும். சில ஆண்டுகளுக்குப் பின் நிற்பது ஒட்டு மரமாக இராது, வேறு ஏதோ ஒரு மரமாக இருக்கும்.

முதல் இரண்டு கோடைகளில் பங்குனி தொடங்கி ஆடி வரை மேற்குப் பக்கத்தில் தென்னங்கீற்றுத் தட்டி வைத்து நிழல் தர வேண்டும். தண்டில் நீர்த்த சுண்ணாம்பு பூசினால் வெயில் பட்டையை வெடிக்கச் செய்யாது. வைக்கோல், சருகு முதலியவற்றை நாலு அங்குலக் கனத்திற்கு மூடாக்காகப் பரப்புங்கள். தண்டிலிருந்து ஒரு சாண் தூரம் விட்டே பரப்ப வேண்டும். கோடையில் வாரம் இரண்டு மூன்று முறை சிறிதளவாக நீர் ஊற்றுக. விரலை மண்ணில் இரண்டங்குலம் செருகிப் பார்த்து, ஈரம் இருந்தால் அன்று ஊற்ற வேண்டாம். ஆண்டுக்கு இருமுறை தொழுவுரமும் சிறிது வேப்பம் பிண்ணாக்கும் இட்டால் போதுமானது.

இம்மரத்தின் கட்டை மென்மையானது, எளிதில் முறிவது. 2018 நவம்பர் 16-இல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலில் வேரூன்றிய தென்னைகளே சாய்ந்ததைக் கண்டோம். ஆகையால் மரத்தைப் பன்னிரண்டு முதல் பதினைந்து அடி உயரத்திற்கு மேல் போகவிடாமல் ஆண்டுதோறும் அறுவடைக்குப் பின் நுனி கழிக்க வேண்டும். வீட்டுச் சுவரின் காற்று மறைவில், ஆனால் வெயில் படும் இடத்தில் வைப்பது உத்தமம். இளங்கன்றுக்கு இரண்டு முளை நட்டுத் தளர்வாகக் கட்ட வேண்டும்.

பூவிலேயே கூட்டுறவு

இம்மரத்தின் பூக்கும் முறை கூட்டுறவாளர் எவரும் அறிந்து மகிழத்தக்கது. ஒவ்வொரு பூவும் இரண்டு நாட்களில் இரண்டு தடவை திறக்கும். முதல் தடவை பெண்ணாகவும், இரண்டாம் தடவை ஆணாகவும் திறக்கும். மரங்களில் இரு வகை உண்டு. 'அ' வகை என்று நாம் கொள்வதில் பூ முதல் நாள் காலையில் பெண்ணாகத் திறந்து, நண்பகலில் மூடி, மறுநாள் பிற்பகலில் ஆணாகத் திறக்கும். 'ஆ' வகையில் பூ முதல் நாள் பிற்பகலில் பெண்ணாகத் திறந்து, மாலையில் மூடி, மறுநாள் காலையில் ஆணாகத் திறக்கும். ஆகவே காலையில் ஒரு வகை பெண், மற்றது ஆண். மாலையில் மாறிவிடும். ஒன்றுக்கு வேண்டிய மகரந்தம் சரியான வேளையில் மற்றொன்றில் காத்திருக்கிறது. தேனீக்களும் ஈக்களும் அதைச் சுமந்து செல்கின்றன.

ஒற்றை மரமும் ஓரளவு காய்க்கும். ஆனால் இரு வகையும் அருகருகே இருந்தால் காய்ப்பு கூடும். ஆயிரக்கணக்கான பூக்களில் மிகச் சிலவே காயாவதால் இந்த வித்தியாசம் பெரிது. 'பொல்லாக்' இரகம் 'ஆ' வகையைச் சேர்ந்தது. அதிலிருந்து பிறந்த 'சிம்மண்ட்ஸ்' என்னும் இரகம் 'அ' வகை.

ஒரு வீட்டுக் கொல்லையில் இரண்டு மேடு கட்ட இடமிருக்காது. அடுத்தடுத்த இரு வீட்டார் கலந்து பேசி, ஒருவர் ஒரு வகையும் மற்றவர் மற்றொரு வகையும் வைத்தால் இருவர் மரமும் காய்க்கும். வேலிக்கு அப்பாலுள்ள மரம் வளர்வதே நம் மரத்திற்கு நன்மை என்னும் போது, பக்கத்து வீட்டாரின் கன்று வாடினால் நாமும் ஒரு குடம் நீர் ஊற்றத்தானே வேண்டும்? பூக்கும் காலத்தில் பூச்சிமருந்து தெளிக்காமல் இருப்பதும் இருவரும் சேர்ந்து காக்க வேண்டிய ஒப்பந்தம்.

ஆடு வளர்ப்போருக்கு எச்சரிக்கை

கழித்த கிளையை ஆட்டுக்குப் போடுவது நம் வீடுகளின் வழக்கம். இம்மரத்தில் அது கூடவே கூடாது. இதன் இலையிலும் பட்டையிலும் பெர்சின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. அதைத் தின்ற ஆடு மாடுகளுக்கு மடி வீங்கிப் பால் வற்றும். மிகுதியாகத் தின்றால் இதயம் கெட்டு இறக்கவும் நேரும். கூண்டுப் பறவைகளுக்கும் இது கேடு. ஆகவே மரத்தைச் சுற்றி முள்வேலி இடுங்கள். கழித்த கிளைகளை உடனே அப்புறப்படுத்துங்கள். கன்றின் விலையை விட ஓர் ஆட்டின் விலை பெரிது. பழத்தின் சதை மனிதர்க்குத் தீங்கற்றது. எனினும் பொட்டாசியம் மிகுதியாதலால் சிறுநீரக நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

காயும் கொட்டையும்

இக்காய் மரத்தில் பழுப்பதில்லை. பூத்து ஆறு முதல் எட்டு மாதத்தில் முற்றும். ஒரு காயைப் பறித்து வீட்டில் வைத்துப் பாருங்கள். சுருங்காமல் ஒரு வாரத்தில் மென்மையாகக் கனிந்தால் மற்றவையும் முற்றிவிட்டன என்று அறியலாம். சுருங்கி ரப்பர் போலானால் இன்னும் பொறுக்க வேண்டும். காம்பு சிறிது விட்டுக் கத்தரிக்கோலால் நறுக்க வேண்டும். கீழே விழுந்த காய் அடிபட்டு அழுகும். மேற்கிந்தியக் குலத்துப் பழம் சர்க்கரையும் பாலும் சேர்த்து உண்ண இனியது. அடுப்பில் கொதிக்க வைத்தால் கசக்கும்.

நெசவாளர்க்கு இம்மரத்தில் தனியொரு லாபம் உண்டு. இதன் கொட்டையை வெட்டினால் வரும் சாறு காற்றுப்பட்டுச் சிவக்கும். ஸ்பானியர் அமெரிக்காவில் இச்சாற்றை மையாகப் பயன்படுத்தி ஆவணங்கள் எழுதினர். கொட்டையையும் தோலையும் நீரில் மெல்லச் சுடவைத்தால் மங்கிய ரோஜா நிறம் முதல் செம்பழுப்பு வரையுள்ள சாயம் இறங்கும். துவர்ப்புச் சத்து இயல்பாகவே இருப்பதால் பருத்தி நூல் இதைப் பற்றிக்கொள்ளும். கடும் வெயிலில் நாளடைவில் சிறிது மங்கும் என்பதால் வியாபாரச் சரக்கிற்கு முன் ஒரு சிட்டம் நூலில் சாயமேற்றித் துவைத்துப் பார்ப்பது நலம். இயற்கைச் சாயத் துணியை விரும்பி வாங்குவோர் இருக்கும் இக்காலத்தில், எறியும் கொட்டையிலிருந்து நிறம் கிடைப்பது அலட்சியம் செய்யத்தக்கதன்று.

கணக்கு

இறுதியாக ஆய்வாளர் என்ற முறையில் ஒரு சொல். இதனைத் தோப்பாக வைத்துப் பணக்காரராகலாம் என்ற பேச்சை நம்பி, சங்கத்தில் கடன் கேட்க வேண்டாம். நெல்வயலை மேடாக்கவும் வேண்டாம். நம் கடலோர மண்ணில் இது வீட்டுக்கு ஒரு மரமாக, கவனத்தோடு வளர்க்க வேண்டியது. நகரத்துக் கடைகளுக்கு மலைத்தோட்டங்களின் பழமும், டான்சானியா போன்ற வெளிநாடுகளின் பழமும் வந்து சேர்கின்றன. அவற்றோடு போட்டியிடும் எண்ணம் நமக்கு இப்பொழுது தேவையில்லை. வீட்டுப் பிள்ளைகள் உண்ணவும், மிஞ்சியதைப் பக்கத்துக் கடைவீதியில் விற்கவும் ஒரு நல்ல மரம் போதும்.

ஆனால் வாங்குவதைத் தனித்தனியே வாங்காமல் சேர்ந்து வாங்கலாம். பத்து அங்கத்தினர் ஒன்றுகூடி, நம்பத்தக்க நாற்றுப்பண்ணையிலிருந்து இரு வகைக் கன்றுகளையும் எழுத்துமூலமான இரகச் சான்றோடு வரவழைத்தால் விலையும் குறையும், ஏமாற்றமும் குறையும். மேட்டுக்கு வேண்டிய செம்மண்ணும் மணலும் ஒரே வண்டியில் வரும். கலிபோர்னியாவில் வெண்ணெய்ப்பழம் பயிரிட்டவர்கள் 1915-இல் ஒரு சங்கமாகக் கூடினர். பின்னர் 1924-இல் கூட்டுறவு விற்பனை நிலையம் ஒன்றை நிறுவினர். பழத்தைத் தரம் பிரித்து, ஒரே முத்திரையில் விற்று, அறியாத மக்களுக்கு அதை உண்ணவும் கற்பித்தனர். 'கலாவோ' என்னும் பெயரில் விளங்கிய அந்நிறுவனம் 2001-இல் கூட்டுறவு வடிவை விட்டுக் கம்பெனியாக மாறியது வேறு கதை. ஆயினும் முதல் முக்கால் நூற்றாண்டு அதனைத் தாங்கியது சிறு பயிர்க்காரர்களின் ஒற்றுமையே.

எனவே நம் யோசனை இது. இந்த ஐப்பசி கார்த்திகையில் அவரவர் கொல்லையில் நீர் எங்கே நிற்கிறது, எத்தனை நாள் நிற்கிறது என்று குறித்து வையுங்கள். மார்கழியில் மண்ணையும் நீரையும் பரிசோதிக்கக் கொடுங்கள். பொருத்தம் உள்ளவர்கள் அப்பொழுதே மேடு கட்டத் தொடங்கி, தை பிறந்ததும் பக்கத்து வீட்டாரோடு கலந்து கன்று வாங்குங்கள். பொருத்தம் இல்லாதவர்கள் அப்பணத்தைச் சங்கத்தின் சேமிப்புக் கணக்கில் போட்டு வையுங்கள். அந்தக் கன்றுக்கு நீர் தேங்கும் பயமும் இல்லை, உப்பின் பயமும் இல்லை.